பரிமளாவுக்குத் தெரியாத இரண்டு நிமிடங்கள்

பரிமளாவோடு சண்டை போட அந்தக் குப்பத்தில் யாருக்கும் தைரியம் கிடையாது. அவள் கத்தமாட்டாள், மண்ணை வாரித் தூற்றமாட்டாள். எதிரில் நிற்பவள் எப்போதோ சொன்ன ஒரு வார்த்தையை, சொன்ன தேதியோடும் கிழமையோடும், அன்றைக்கு அவள் கட்டியிருந்த புடவையின் நிறத்தோடும் எடுத்து முன்னால் வைத்துவிடுவாள்.

"ரெண்டாயிரத்துப் பதினாறு ஜனவரி இருவத்திநாலு, ஞாயித்துக்கெழம. கொழாயாண்ட நின்னுகினு ஓம் மாமியார் செத்தா சக்கர பொங்கல் வெக்கிறேன்னு சொன்ன. இப்ப அழுவுற?"

சொன்னவளுக்கே அது மறந்து போயிருக்கும். ஆனால் கேட்டவுடன் உண்மை என்று தெரியும். முகம் செத்துப்போகும். இப்படிப் பத்துப் பேரிடம் நடந்தபிறகு, ஊர்ப் பெண்கள் அவளிடம் பேச்சையே குறைத்துக்கொண்டார்கள். பரிமளாவுக்கு அதில் வருத்தம் இல்லை. பேச்சு குறைந்தால் மனசில் சேர்வதும் குறையும்.

மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் குப்பங்களில் ஒன்று அவளுடையது. கருவாடு காயவைத்து, புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்பாள். அப்பா தாண்டவராயன் ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போனவர். நாலாம் வகுப்பில் ஒரு திங்கட்கிழமை, 1997 நவம்பர் பத்து, வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தபோது ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் பரிமளாவுக்கு முதல் வலிப்பு வந்தது. அதற்கு முந்தைய நாட்கள் நமக்கெல்லாம் இருப்பதுபோல அவளுக்கும் துண்டு துண்டாகத்தான் இருக்கின்றன. அன்றைக்குக் கண் விழித்ததிலிருந்து எதுவும் போகவில்லை. வலிப்பு வந்த அந்தச் சில நிமிடங்களைத் தவிர, ஒரு நாள்கூட.

மற்றவர்கள் ஒன்றை நினைத்துக்கொள்வதுபோல அவள் நினைத்துக்கொள்வதில்லை. ஒரு தேதியைச் சொன்னால் அங்கே போய் நிற்பாள். வெயில் முதுகில் ஏறும், அடுப்பில் என்ன கொதித்ததோ அது மணக்கும், அன்றைக்குப் பட்ட அவமானம் அன்றைய சூட்டோடே காதில் ஏறும். பள்ளிக்கூடத்துக்கு இனி அனுப்பவேண்டாம் என்று சொன்ன வாத்தியாரின் குரல், "சனியன், எவன்டா இத்த கட்டுவான்" என்று அப்பா வாசலில் நின்று சொன்னது, வேப்பிலையால் அடித்தவனின் வியர்வை நாற்றம் எல்லாம் அப்படியே இருந்தன. செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்க ஆரம்பித்த பிறகு வலிப்பு குறைந்தது. ஞாபகம் குறையவில்லை.

வலிப்பை மறைத்துத்தான் கல்யாணம் செய்தார்கள். மாப்பிள்ளை அரசு, சதுரங்கப்பட்டினத்துப் பையன். நாற்பத்தோராம் நாள், மீன்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். விழித்தபோது அவளுடைய வாயோரத்தைத் தன் லுங்கி முனையால் துடைத்துக்கொண்டு அரசு உட்கார்ந்திருந்தான்.

"முன்னாடியே சொல்லியிருந்தா கட்டியிருக்க மாட்டேன்" என்றான். "இப்ப கட்டியாச்சி. இன்னா பண்றது? சாப்டு."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பும் அவளிடம் பத்திரமாக இருந்தது. கெட்டது மட்டும்தான் சேரும் என்றில்லை. 2018 ஏப்ரல் இருபத்தாறு, வியாழக்கிழமை எழில் பிறந்தாள். அதற்குப் பிறகு பரிமளாவுக்குப் பழைய நாட்களுக்குப் போக நேரமில்லை. இருக்கிற நாளே போதுமானதாக இருந்தது.

எழிலுக்கு நான்கு வயது முடிந்த அடுத்த மாதம், மே இருபத்தொன்று, குழந்தையின் கையைப் பிடித்தபடியே பரிமளாவுக்கு வலிப்பு வந்துவிட்டது. முறுக்கிய பிடியில் குழந்தையின் மணிக்கட்டு கன்றிப்போய், ஒரு வாரம் சோற்றைக் கையால் எடுக்க முடியவில்லை. பரிமளா இரண்டு முடிவு எடுத்தாள். ஒன்று, வலிப்பு வருவதற்கு முன் நாக்கில் செப்புக்காசு வைத்ததுபோல ஒரு ருசி வரும்; அது வந்த உடனே குழந்தையின் கையை விட்டுவிட வேண்டும். இரண்டாவது, குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஜூன் ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்தாள். வீட்டுக்குள்ளேயே விழுந்து காட்டினாள்.

"அம்மா உயுந்துட்டா அயக்கூடாது. அம்மாவப் புடிச்சி இயுக்கக்கூடாது. ஓடிப்போயி தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கூப்டுகினு வரணும். எங்க, செய்யி?"

குழந்தைக்கு அது விளையாட்டு. வாசல்வரை ஓடி, இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, "யாராச்சும் வாங்க! எங்கம்மா உயுந்துட்டாங்க!" என்று கத்தியது. ஐந்து முறை விளையாடினார்கள். ஆறாவது முறை பரிமளா எழவில்லை என்று கோபித்துக்கொண்டு அவள் வயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்தது.

ஆகஸ்டில் சொந்தத்தில் ஒரு சாவு. இரண்டு நாள் அலைச்சலில் மாத்திரை தீர்ந்துபோனதைக் கவனித்தும் பரிமளாவால் செங்கல்பட்டுக்குப் போகமுடியவில்லை. பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை காலையில் எழிலையும் கூட்டிக்கொண்டு சாலைக்கு வந்தாள். குழந்தைக்குப் பழுப்பு கவுன், காலில் ஒரு அளவு பெரிய செருப்பு. பஸ் நிறுத்தத்தில் அவர்களைத் தவிர மூன்று பேர். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிய ஒரு ஆள், கையில் போனோடு ஒரு காலேஜ் பெண், நாளிதழ் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். எதிர்ப்புறம், சாலைக்கு அந்தப் பக்கம், சந்திரம்மாவின் இளநீர்க் கடை. சந்திரம்மா அதே குப்பத்துக்காரி. குழந்தைக்குத் தினமும் வழுக்கை கொடுப்பவள்.

"சந்திரம்மா ஆயா கீது" என்றாள் எழில்.

"கீதுமா. வரும்போது பாக்கலாம்."

ஒன்பது பதினேழு. காலேஜ் பெண்ணின் போனில் அப்படித்தான் இருந்தது. பரிமளாவின் நாக்கில் செம்பு ருசித்தது. அவள் தரையில் உட்கார்ந்தாள். எழிலின் கையை விட்டாள்.

கண் விழித்தபோது வலது கையில் ஒரு சாவிக்கொத்து இருந்தது. யாரோ திணித்துவிட்டுப் போயிருந்தார்கள். வாயில் மண். பஸ் நிறுத்தத்தில் ஒருவரும் இல்லை. எதிர்ப்புறம் இளநீர்க் கடைக்கு முன்னால் ஒரு கூட்டம், எல்லோரும் அவளுக்கு முதுகு காட்டியபடி. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது, நல்லவேளை இந்தப் பக்கம் இல்லை என்று அவள் நினைத்தாள். வலிப்புக்குப் பிந்தைய மந்தத்தில் முழுசாக அரை நிமிடம் அந்த நிம்மதியோடு உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் சாலையின் நடுவில் கிடந்த செருப்பைப் பார்த்தாள்.

இடித்தது ஒரு வேன். தள்ளிப்போய் நிற்பதுபோல வேகத்தைக் குறைத்துவிட்டுப் போய்விட்டதாம். எண்ணை யாரும் பார்க்கவில்லை. நிறுத்தத்தில் இருந்த மூன்று பேரும் பரிமளாவைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவியைக் கொடு, செருப்பை மோந்து பார்க்க வை என்று ஆளுக்கொரு வைத்தியம். பழுப்பு கவுன் போட்ட குழந்தை எப்போது அவர்கள் காலுக்கிடையிலிருந்து போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. போலீஸ்காரர் சந்திரம்மாவிடம் கேட்டபோது பரிமளா பத்தடி தள்ளி மண்ணில் உட்கார்ந்திருந்தாள். "நான் திரும்பி நின்னுகினு எளநி சீவிகினு இருந்தேன் சார். சத்தம் கேட்டுத்தான் பாத்தேன்" என்றாள் சந்திரம்மா. அப்போது மணி பத்து நாற்பது.

குழந்தை ஏன் சாலைக்குப் போனது? அதுதான் யாருக்கும் தெரியவில்லை. சின்னப் பிள்ளையைப்போல அரசு தரையில் புரண்டு அழுதான். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தபிறகு, சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போது கேட்டான்.

"கைய இன்னாத்துக்கு விட்ட?"

பரிமளா உள்ளதைச் சொன்னாள். அவளுக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது.

"வுட்ட. சரி. அப்பால?"

"தெரியலய்யா."

"ஊர்ல எவன் எப்ப இன்னா பேசனான்னு ஒனக்குத் தெரியும். எம்பொண்ணு எப்டி செத்தான்னு மட்டும் தெரியாதா?"

ஒரு வருடம் கழித்து அவன் வீட்டைவிட்டுப் போனான். துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தவனிடம், பால் தெளித்த அன்று அவன் சொன்னதை அவள் அதே வார்த்தைகளில் திருப்பிச் சொன்னாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்ணில் பொய் இல்லை.

"நான் அப்டியா சொன்னேன்?" என்றான்.

அவனுக்கு அது போயே போய்விட்டது. அவளுக்கு அது தினமும் காலையில் வரும்.

வலிப்பு வாரம் இரண்டு என்று ஆனபோது, கேளம்பாக்கத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். அங்கேயே சுவேதா என்ற மனநல ஆலோசகரிடமும் அனுப்பினார்கள். இருபத்தொன்பது வயது. கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் வருபவள். மெதுவாகப் பேசுவாள், கேட்கும்போது கண்ணை எடுக்கமாட்டாள். பரிமளாவை "அக்கா" என்று கூப்பிட்டாள். அதுவரை எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

இரண்டாவது சந்திப்பிலேயே சுவேதாவுக்கு இவளுடைய ஞாபகம் பிடிபட்டது. தன் பழைய டைரிகளைக் கொண்டுவந்து, செய்திகளைத் தேடி வைத்துக்கொண்டு சோதித்தாள். மழை பெய்த நாள், கரண்ட் போன நாள், புயல் கரையைக் கடந்த நாள், ஒன்றும் தப்பவில்லை.

"வலிப்பு இருக்கிறவங்களுக்குப் பொதுவா மறதிதான்கா அதிகம் ஆகும். மாத்திரையும் கொஞ்சம் மந்தமாக்கும். எங்கயோ ஒருத்தர் ரெண்டு பேருக்கு இப்படித் தலைகீழா இருக்குன்னு படிச்சிருக்கேன். நேர்ல பாப்பேன்னு நெனைக்கல."

அவள் முகத்தில் மகிழ்ச்சி இருந்தது. உடனே அதை மறைத்துக்கொண்டாள். பரிமளா இரண்டையும் பார்த்தாள்.

சுவேதா தான் படித்த முறைப்படி ஆரம்பித்தாள். அந்த நாளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல நினைவு தேயும், வார்த்தை மழுங்கும், முதல் தடவை கொன்றது பத்தாவது தடவை வலிக்க மட்டும் செய்யும். எல்லோருக்கும் அப்படித்தான். பரிமளா பதினொரு வாரம் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்து, கையை விட்டு, அந்த அரை நிமிட நிம்மதியை அனுபவித்து, செருப்பைப் பார்த்தாள். சுவேதா மூன்றாம் பதிவையும் பதினொன்றாம் பதிவையும் அடுத்தடுத்து ஓடவிட்டுக் கேட்டாள். ஒரு வார்த்தை மாறவில்லை. மூச்சு விடுமிடம்கூட மாறவில்லை. பதினொன்றிலும் அவள் முதல் தடவை சொல்பவளைப்போலவே உடைந்து அழுதாள். மூன்று முறை சொல்லி முடித்த கையோடு அதே அறையில் வலிப்பும் வந்தது.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். சுவேதா நிறுத்த நினைத்தவள்தான். ஆனால் பரிமளா எதற்காக அழுகிறாள் என்று அவளுக்குத் தோன்றிய காரணம் வேறு. நினைவில் இருப்பது இவளைக் கொல்லவில்லை, இல்லாத அந்த இரண்டு நிமிடம்தான் கொல்கிறது என்று முடிவு கட்டினாள். அந்த ஓட்டையை நல்ல ஒரு படத்தால் அடைத்துவிட்டால் இவள் தூங்குவாள்.

2023 நவம்பர் பதினாறு, வியாழக்கிழமை. அறையில் மல்லிகை வாசனையில் ஊதுபத்தி. "கண்ண மூடுங்கக்கா" என்றாள் சுவேதா. "நீங்க கீழ உக்காந்தாச்சு. எழில் பக்கத்துல நிக்கிறா. அவளுக்குப் பயம் இல்ல. உங்களப் பாத்துச் சிரிக்கிறா. அவ எப்படிப் போறான்னு நீங்களே பாருங்க. அவசரம் இல்ல."

பரிமளாவுக்குக் கற்பனை என்று ஒன்று பழக்கமில்லை. தேவைப்பட்டதே இல்லை. ஆனால் மேடம் சொன்னதற்காக முயற்சி செய்தாள். இல்லாததைக் காட்டத் தெரியாத மனசு, இருப்பதை எடுத்து வந்து ஒட்டியது. அன்றைய பழுப்பு கவுன். அன்றைய வெயில். ஜூன் ஐந்தாம் தேதிக் குரல். எழில் சிரிக்கவில்லை. அம்மாவை ஒருமுறை பார்த்தது, சொல்லிக்கொடுத்தபடியே அழாமல், சொல்லிக்கொடுத்தபடியே இழுக்காமல், சுற்றி நின்ற மூன்று பேரில் தெரிந்தவர் இல்லையென்று திரும்பியது. இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, சந்திரம்மாவைப் பார்த்துக்கொண்டே, பெரிய செருப்பு தடக் தடக்கென்று அடிக்க ஓடியது. "யாராச்சும் வாங்க! எங்கம்மா உயுந்துட்டாங்க!"

பரிமளா கண்ணைத் திறந்தாள்.

"என்னக்கா தெரிஞ்சுது? சிரிச்சாளா?"

பரிமளா சொன்னாள்.

"அக்கா, அது நிஜம் இல்ல. நாம சும்மா நெனச்சுப் பாத்ததுதான். நாலு நாள்ல மங்கிடும்."

"எனக்கு எது மேடம் மங்கியிருக்கு?"

மங்கவில்லை. மற்ற நாட்களோடு அதுவும் சேர்ந்துகொண்டது. இது நடந்தது, இது நினைத்தது என்று அவளுக்குப் புத்தியில் தெரியும். கண்ணுக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே வெளிச்சம். அதற்குமுன் ஒன்பது பதினேழோடு முடிந்து செருப்பில் தொடங்கிய நாள், இப்போது நடுவில் அறுபடாமல் ஓடியது. கையை விட்டது ஒரு குற்றமாக மட்டும் இருந்தது. இப்போது குழந்தையை அனுப்பி வைத்ததும் அவளே என்று ஆயிற்று.

பத்து நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சந்திரம்மாவின் கடைக்குப் போனாள். சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் அவள் போனது ஒரு வருடத்துக்கு மேல் ஆனபின் அதுதான் முதல் தடவை.

"யக்கோவ், ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. அன்னிக்கி கொயந்த ஒன்ன கூப்ட்டாளா?"

சந்திரம்மா அரிவாளைக் கீழே வைத்தாள். பிறகு பரிமளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லம்மா. கூப்டல கீப்டல. சிரிச்சிகினே வந்துச்சி. என்னப் பாத்துக் கை ஆட்டுச்சி. வழுக்க கேக்கத்தான் வந்துச்சி பாவம். ஒரு நொடிதான், ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

வேறு எந்தத் தாயாக இருந்தாலும் அதைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். பரிமளாவின் காதில் பத்து நாற்பது மணி ஒலித்தது.

"திரும்பி நின்னுகினு எளநி சீவிகினு இருந்தேன், சத்தம் கேட்டுத்தான் பாத்தேன்னு போலீஸ்காரர்கிட்ட சொன்ன. பத்து நாப்பதுக்கு. பச்சையில மஞ்ச பூ போட்ட பொடவ. அப்ப நீ எங்க பாத்த?"

சந்திரம்மாவின் கை நழுவியது. கண்ணில் தண்ணீரும் கோபமும் ஒன்றாக வந்தன.

"ஒனக்கு நல்லது சொன்னா ஏத்துக்கமாட்டியாடி? ஒரு பொய்யக்கூட வச்சிக்கத் தெரியாதா ஒனக்கு?"

தெரியாது. அதைத்தான் அவளும் நினைத்துக்கொண்டு திரும்பினாள். சந்திரம்மா உண்மையில் என்ன பார்த்தாள், பார்த்தாளா இல்லையா என்பது கடைசிவரை தெரியவில்லை. அதன்பிறகு அவள் பரிமளாவைக் கண்டால் கடைக்குள் குனிந்துகொண்டாள்.

சுவேதா மன்னிப்புக் கேட்டாள். பல தடவை. கூடவே இன்னொன்றும் கேட்டாள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் மனநல ஆலோசகர்களுக்குப் பயிலரங்கு நடக்கிறது. மறக்க முடியாதவர்களிடம் நாங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மற்றவர்களுக்கும் தெரியவேண்டும். நீங்கள் வந்தால் இன்னொருவருக்கு இந்தத் தப்பு நடக்காது. பரிமளா யோசித்துவிட்டு, சரி என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் போனாள்.

2024 பிப்ரவரி பத்து, சனிக்கிழமை. கடலைப் பார்த்த ஏ.சி. ஹால், நாற்பது பேர். பரிமளாவை மேடையில் குஷன் நாற்காலியில் உட்காரவைத்து மைக் கொடுத்தார்கள். முதலில் எல்லோருக்கும் நம்பிக்கை வரட்டும், தேதி கேளுங்கள் என்றாள் சுவேதா. "சுனாமி வந்த தேதிய மட்டும் தயவுசெஞ்சு யாரும் கேக்காதீங்க" என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டாள். அவ்வளவு கவனமாகத்தான் இருந்தாள்.

2015 டிசம்பர் ஒன்று? செவ்வாய்க்கிழமை, மழையில் அடுப்பு பற்றவில்லை, பக்கத்து வீட்டிலிருந்து உப்புமா வந்தது, அதில் கல் இருந்தது. ஹாலில் சிரிப்பு. இன்னும் நாலைந்து தேதிகள். ஒவ்வொன்றுக்கும் போனில் கிழமை சரிபார்த்துக் கை தட்டினார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து கோதண்டராமன் என்ற பெரியவர் எழுந்தார். செங்கல்பட்டில் முப்பது வருடமாக ஆலோசனை சொல்பவர். நல்ல மனிதர்.

"எம் பேத்தி பொறந்த நாள்மா. 2022 ஆகஸ்ட் பதினெட்டு."

சுவேதா நாற்காலியிலிருந்து எழுந்தாள். "சார், அது வேண்டாம்..."

"வியாயக்கெயம" என்றாள் பரிமளா.

அவள் ஏற்கெனவே அங்கே போய்விட்டாள். தேதி கேட்டால் போகாமல் இருக்க அவளால் முடியாது. பழுப்பு கவுன், பெரிய செருப்பு, ஹெல்மெட், நாளிதழ், சந்திரம்மா ஆயா கீது. ஒன்பது பதினேழு என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"இதுக்கு அப்பால ரெண்டு நிமிசம் எனக்குத் தெரியாம இருந்துச்சி. இப்ப தெரியும். மேடம் குடுத்தாங்க."

அதையும் சொன்னாள். குழந்தை கத்தியதை அந்தக் குரலிலேயே கத்திக் காட்டினாள். மைக் இருந்ததால் அது ஹாலுக்கு வெளியே, சாப்பாட்டு மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் கேட்டது.

பாதிப் பேர் அழுதார்கள். கோதண்டராமன் உட்காரவும் தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார். ஆனால் அழுகை ஓய்ந்ததும் கேள்விகள் ஆரம்பித்தன. பரிமளாவுக்குப் புரியாத ஆங்கிலத்தில், அவளைத் தாண்டி, சுவேதாவை நோக்கி. சுவேதா திக்கித் திக்கிப் பதில் சொன்னாள். பாவமன்னிப்பு கேட்க வந்தவளைத் தேர்வு எழுத வைத்ததுபோல இருந்தது. முன்வரிசையில் ஒரு பெண் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, தமிழில் நேராகவே கேட்டாள்.

"அந்தக் கற்பனைக் காட்சி சத்தத்தோட வருதாம்மா, இல்ல வெறும் படமா?"

"சத்தத்தோட" என்றாள் பரிமளா. அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

இந்தத் தப்பை இனி யாரும் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் பரிமளா வந்திருந்தாள். அதைச் சொல்ல இடம் வரவில்லை. நேரமாகிவிட்டது. அமைப்பாளர் வந்து அவளுக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். சாப்பாட்டுக்கு வஞ்சிர வறுவல் இருந்தது.

திரும்பும்போது சுவேதா தன் காரில் அவளைக் கொண்டுவந்து விட்டாள். பஸ் நிறுத்தம் வருவதற்கு முன்பே ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதாள்.

"நான் உங்களுக்கு என்ன பண்ணிட்டேன்கா. என்னால இத மறக்கவே முடியாது."

பரிமளா கதவைத் திறந்தாள்.

"மறந்துடுவீங்க மேடம்" என்றாள். அவள் கோபத்தில் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த மனிதர்களை வைத்துச் சொன்னாள்.

அடுத்த மாதம் சுவேதா வேறு வேலைக்குப் போய்விட்டாள். புதிதாக வந்தவர் கோப்பைப் புரட்டிவிட்டு, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். பரிமளா எழுந்து வந்துவிட்டாள். மாத்திரை மட்டும் தவறாமல் வாங்கினாள். புதிய மாத்திரை நன்றாகக் கேட்டது. அந்த ஏப்ரலுக்குப் பிறகு அவளுக்கு வலிப்பே வரவில்லை. இரண்டு வருடத்துக்குமுன் வந்திருக்கவேண்டிய நிம்மதி அது. இப்போது அவளுடைய நாட்களில் இரண்டு நிமிட ஓட்டைகூடக் கிடையாது.

போன வருடம் பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அரசு வந்தான். காசிமேட்டில் போட்டில் இருக்கிறான், வேறு கல்யாணம் ஆகியிருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. உள்ளே வராமல், கருவாடு காய்ந்த வலைக்குப் பக்கத்தில் குந்தினான்.

"இன்னா?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல." மணலைக் கிளறினான். "பாப்பா கொரலு ஞாபகத்துக்கு வர மாட்டங்குது, பரிமளா. மூஞ்சி போட்டோல கீது. கொரலு போயிடுச்சி. எவ்ளோ நெனச்சாலும் வல்ல."

அவள் வலையில் கிடந்த கருவாட்டைப் புரட்டிப் போட்டாள்.

"ஒனக்குத்தான் எல்லாம் கீதே. ஒரு நாளு சொல்லேன். ஏதாச்சும் நல்ல நாளு. ஒண்ணே ஒண்ணு."

அவனை அனுப்பிவிட அவளுக்கு ஒரு வார்த்தை போதும். அப்படிப்பட்ட வார்த்தைகள் அவளிடம் நிறைய இருந்தன, எல்லாம் அவன் கொடுத்தவைதான். அவள் அவன் கைகளைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

2021 ஜூலை நான்கு, ஞாயிற்றுக்கிழமை. எழிலுக்கு மூன்று வயது. அன்றைக்கு அவன் வலையில் ஒரு கடல்குதிரை மாட்டியிருந்தது. கொண்டுவந்து சோற்றுக் குண்டானில் விட்டான். பாப்பா அதற்குப் பல் விளக்கிவிட வேண்டும் என்று பிரஷ்ஷை எடுத்து வந்தாள். அவன் திட்டினான். "நைனா, அதுக்கு வாய் நாறுது" என்றாள். அவன் சிரித்துக் குண்டானைக் கவிழ்த்துவிட்டான். பரிமளா காலையிலிருந்து ராத்திரி பாயில் படுத்ததுவரை, ஒவ்வொரு பேச்சையும் அந்தந்தக் குரலில் சொன்னாள். அரசு முட்டிக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான், நடுநடுவே சத்தம்போட்டுச் சிரித்தான்.

முடித்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். ஐந்தாறு வயது குறைந்தவன்போல இருந்தான்.

"எவ்ளோ நல்லா கீது" என்றான். "நீ குடுத்து வெச்சவ பரிமளா. எங்கிட்ட ஒண்ணும் இல்ல, ஒங்கிட்ட மொத்தமும் கீது. வர ஞாயித்துக்கெயம வரட்டா?"

அவன் கேட்டது ஒரு நாளை. அவளுக்கு ஒரு நாள் தனியாக வராது. ஜூலை நான்கைத் திறந்தால் பின்னாலேயே ஐந்து வரும், ஆறு வரும், ஒன்றன்பின் ஒன்றாக நானூற்றுப் பத்து நாள், பஸ் நிறுத்தம் வரைக்கும். நாலு நாளாகும் முழுக்க ஓடி முடிய. அதுவரை அவளுக்குச் சோறு இறங்காது, மார்க்கெட்டுக்குப் போனாலும் சில்லறையைத் தப்பாகக் கொடுப்பாள். இதை அவனிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னாலும் அடுத்த வாரத்துக்குள் அவன் மறந்துவிடுவான்.

"வேணாம்" என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டுச் சாலையை நோக்கி நடந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு அவன் திரும்ப வந்து அதே இடத்தில் குந்தினான். அந்தக் கடல்குதிரை விஷயம் என்னவோ சொன்னாயே, இன்னொரு தடவை சொல்லு என்றான். அவள் காய்ந்த வாளைகளைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னாள்.